பொடி மாற்றிய நான்கு நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் நலம். நான் அவ்வளவு நலமில்லை, ஏன் என்பது கீழே வருகிறது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் முழுதாகப் படித்துவிட்டுக் கிழி.

ஆசிரியை வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிடப் போகிறாயாம், திங்கட்கிழமை ராஜினாமா கொடுக்கிறாயாம். அம்மா சொன்னாள். "டாக்டர் சொன்ன தண்ணி, உப்பு, இறுக்கமான காலுறைன்னு எல்லாம் ஒழுங்கா செஞ்சும் விழுந்துட்டேன். இனி எதுக்கும்மா இந்த வேஷம்?" என்று கேட்டாயாம். உப்புப் பொடி கரைத்துக் குடிப்பதையும் நிறுத்திவிட்டாயாம்.

நீ ஒழுங்காகத்தான் செய்தாய். நான்தான் செய்யவில்லை. விடுமுறைக்கு நீ வந்திருந்த நான்கு நாளும் உன் பாட்டில்களை நிரப்பியது நான். அம்மா வாங்கி வைத்திருந்த டப்பாவில் இருந்த உப்புப் பொடியைக் கொட்டிவிட்டு, அதில் ஆரஞ்சு ஜூஸ் பொடியைப் போட்டு வைத்தேன். "என்னடி இது, இனிக்குது?" என்று முதல் நாளே கேட்டாய். "கம்பெனிக்காரன் ருசிய மாத்திட்டான்க்கா" என்றேன். நம்பிவிட்டாய்.

ஏன் செய்தேன்? பொறாமை. வேறு வார்த்தை இல்லை. நான் இரண்டாம் வருடம் கல்லூரியை விட்டபோது யாரும் என் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. "தண்டம்" என்றார் அப்பா, அத்தோடு முடிந்தது. அதே அப்பா உன் பையைத் தூக்கிக்கொண்டு உனக்கு முன்னால் படி இறங்குகிறார். காலையில் அம்மா உன் கட்டில் பக்கத்தில் நின்று, "மெதுவா எந்திரிம்மா, முதல்ல உட்காரு, கால ஆட்டு, அப்புறம் நில்லு" என்று கெஞ்சுவாள். அப்படியே திரும்பி என்னிடம், "எந்திரிடி எருமை!" எழுந்து நின்றாலே நாடி எகிறித் தலை சுற்றுகிறது என்கிறாயே, உனக்கு இருக்கும் அதற்கு டாக்டர் 'பாட்ஸ்' என்று பெயர் வைத்தார். எனக்கு இருப்பதற்குச் சோம்பேறித்தனம் என்று வீட்டிலேயே வைத்துவிட்டார்கள்.

நீ நடிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். படுத்திருந்தால் கதை பேசுவாய், எழுந்து நின்றால் முகம் வெளுக்கும். நல்ல வசதியான நோய் என்று தோன்றியது. பொடி இல்லாமலே நீ நன்றாக இருந்தால், எல்லார் முன்னாலும் டப்பாவைத் திறந்து காட்டி மானத்தை வாங்கலாம் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் நாள் நீ பேசிக்கொண்டே இருந்து பாதியில் வார்த்தையை மறந்தாய். குளித்துவிட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாய். பார்த்தேன். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, அக்கா. மறுநாள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றபோது விழுந்தாய். உன் முகவாய் படியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும் நர்ஸ் உன்னைப் படுக்கவைத்து நாடியை எண்ணினார். எழுபத்தாறு. நிற்கவைத்து எண்ணினார். ஐந்தாவது நிமிடம் நூற்று இருபத்தெட்டு. நீ ஓடவில்லை, சுமை தூக்கவில்லை, சும்மா நின்றாய். அந்த எண்ணை யாராலும் நடிக்க முடியாது. "நின்னா ரத்தம் கால் பக்கமே தங்கிடுது, அத ஈடுகட்டத்தான் இதயம் இந்த ஓட்டம் ஓடுது. தண்ணியும் உப்பும் சரியா எடுக்கலையாம்மா?" என்று நர்ஸ் கேட்டார். "எல்லாம் எடுத்தேன் சிஸ்டர்" என்றாய். உன் பை என் மடியில்தான் இருந்தது. பையில் அந்த பாட்டில். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

நீ வீட்டுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன் என்று நினைப்பாய். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நீ வந்தால் அம்மா மறுபடி உன் கட்டில் பக்கத்திலேயே நிற்பாள், எனக்கு மறுபடி எரியும். இந்தப் புத்தி ஒரு கடிதத்தில் போகிற புத்தி இல்லை. ஆனால் வகுப்பில் உயரமான ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் விடாமல் பாடம் நடத்தினேன் என்று போன மாதம் சொன்னாயே, அன்று உன் குரலே வேறாக இருந்தது. அதற்கும் பொறாமைப்பட்டேன். அதைத்தான் கெடுத்தும் விட்டேன்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு அப்பாவிடம் சொல்லப் போகிறேன். என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

ராஜினாமா கொடுக்காதே. முதலில் உன் டாக்டரிடம் போ. "அந்த நாலு நாளைக் கணக்குல சேர்க்காதீங்க, தங்கச்சி பொடியை மாத்திட்டா" என்று பச்சையாகச் சொல். பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பிக்கலாமா என்று அவரிடமே கேள். அதுவரை வரிசைகளில் நிற்காதே, யாரையாவது அனுப்பு.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன், அந்த வார்த்தை என் கைக்குப் பொருந்தவில்லை. போன் செய். எவ்வளவு திட்டினாலும் குறுக்கே பேச மாட்டேன். உட்கார்ந்துகொண்டு திட்டு, அக்கா.

உன் தங்கை,
வாலு