பின் கதவுக்கு விட்ட ஒரு இஞ்சு

4-10-1966

சலவையிலிருந்து வந்த துணி மூட்டையில் இன்றைக்கும் சிவப்புக் கோடு. பிரித்துப் பார்த்தேன். நாலு மடிப்பு ஆழத்துக்குச் செம்மண் இறங்கியிருக்கிறது, கயிறு பிடித்துக் கோடு போட்ட மாதிரி. எல்லா மூட்டையிலும் இல்லை, ஒன்றில் மட்டும். ஏன் ஒன்றில் மட்டும்? வேனுக்குள் எட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டு பின் கதவும் சேருகிற சந்துக்கு நேராக இருந்த மூட்டை அது.

டிரைவர் சுப்பண்ணனைக் கேட்டேன். "கதவுன்னு ஒண்ணு இருந்தாத்தானுங்கம்மா சாத்தறதுக்கு. நான் கயித்தைச் சாத்திக்கிட்டு ஓட்டறனுங்க" என்றான். குசும்பு. ஆனால் நிசம்தான். கோயமுத்தூர் ரொட்டிக் கடைக்காரரிடம் பழசாக வாங்கிய மோரிஸ் வேன். வெயிலில் நின்றால் இன்னும் பன் வாசம் வரும். கதவின் அடிப்பாகம் தொட்டால் அப்பளமாக உதிர்கிறது.

தீபாவளிச் சரக்கு இதில்தான் தாராபுரம் போக வேண்டும்.

5-10-1966

மகன் சென்னிமலையிடம் கதவு மாற்றச் சொன்னேன். சரி என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அம்மா, கட்டிங் டேபிளுக்குக் குமாரவேல் மாஸ்டரைப் போட்டுரலாமுங்களா? நீங்க ஒக்காந்து மேப்பார்வை பாத்தாப் போதும்" என்கிறான்.

மேல்பார்வை! எனக்கு அறுபத்தொன்று. கண் நன்றாகத் தெரிகிறது. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். ஆனால் இந்தப் பனியன் கம்பெனியில் இருபது வருசமாக அளவு என்றால் மருதம்மாள்தான். "ஒரு பனியனாச்சும் அளவு தப்பித் திரும்பி வந்திருக்கா சாமி?" என்று கேட்டேன். "இல்லீங்க" என்றான். "என்னைக்கு என் டேப்பு தப்புதோ அன்னைக்கு நானே மாஸ்டர் கையில குடுக்கறேன். அதுவரைக்கும் பேச்சை உடு" என்றேன். குமாரவேலும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். கேட்கட்டும்.

8-10-1966

பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் டிங்கர் ராசப்பன் வந்தான். முப்பது வயசு இருக்கும். பேச்சு குறைவு. தேங்காய் வாங்குகிறவன் மாதிரி கதவை விரலால் தட்டிக்கொண்டே வந்து, ஓர் இடத்தில் நின்று காது வைத்தான். கதவு ஒரே தகடு என்று நினைத்திருந்தேன். இல்லையாம், இரண்டு தகடு, நடுவே பொள்ளல். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியேற அடியில் சின்ன ஓட்டை உண்டாம். அந்த ஓட்டைக்குள் கம்பியை விட்டு இழுத்தான். ஈரமாக, கறுப்பாக, எலிக்குட்டி மாதிரி ஒன்று வந்தது. பயந்துவிட்டேன். பார்த்தால் பஞ்சு! நம் மூட்டைப் பஞ்சுதான். அதுதான் ஓட்டையை அடைத்து, தண்ணீரைத் தேக்கி, கதவைத் தின்றிருக்கிறது. பஞ்சு இரும்பைத் தின்னும் என்று யார் கண்டது?

தீபாவளி வேலையில் வேனை ஒரு நாளுக்கு மேல் விட முடியாது. கதவை முன்கூட்டியே செய்து வைத்துவிட்டு ஒரே நாளில் மாட்டித் தருவதாகச் சொன்னான். "காலையில வந்து அளந்துக்கறனுங்க" என்றான். "அளவு எங்க வேலை தம்பி. நான் எழுதிக் குடுக்கறேன்" என்றேன். கொஞ்சம் தயங்கினான். "சரீங்க. சந்துக்கு ரெண்டு நூல் நான் கழிச்சுக்கறேன். நீங்க கழிக்க வேண்டாமுங்க" என்றான். எந்த நூல், எத்தனாம் நம்பர் என்று கேட்டேன். சிரித்துவிட்டான். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பேராம். நூலிலேயே பிழைக்கிறவள், எனக்கு இது தெரியாது! இன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டு நூல் ஒரு இஞ்சு.

9-10-1966

காலையில் அளந்தேன். ஒன்றுக்கு இரண்டு தடவை. எப்போதும் விடுகிறதை விட்டு, என் கையாலேயே சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஒரு கதவுக்கு அகலம் 24, உயரம் 35. ராசப்பன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

14-10-1966

பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். அவனும் தகரத்தின் மேல் அட்டை வைத்துக் கோடு கீறித்தான் வெட்டுகிறான். நம்மைப் போலவே! என்ன, கத்திரிக்கோல் மட்டும் என் கை நீளம்.

18-10-1966

கதவு சேரவில்லை.

பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினார்கள். இடது கதவு வாசலில் பாதியைத் தாண்டி நிற்கிறது. வலது அதன் மேல் முட்டுகிறது. அடிப்பக்கமும் இடிக்கிறது. சென்னிமலைக்கு வந்ததே கோபம். "அளவு எழுதிக் கையில குடுத்தும் வெட்டத் தெரியலைன்னா உனக்கெல்லாம் எதுக்குய்யா பட்டறை?" ராசப்பன் கை சட்டைப் பைக்குப் போனது. என்னைப் பார்த்தான். நானும் அவனை முறைத்தேன். கையை எடுத்துவிட்டான். "ரெண்டு நாள் குடுங்க, சரி பண்ணிடறனுங்க" என்றான். "ஒண்ணும் வேண்டாம், எடுத்துக்கிட்டுப் போ. நான் கோயமுத்தூர்ல பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டான் சென்னிமலை.

வேன் முதுகில் தார்ப்பாய் கட்டி ஓடுகிறது.

19-10-1966

மனசு கேட்கவில்லை. காலையில் யாரும் வருமுன் வேனின் பின் வாசலை அளந்தேன். முழு அகலம் 46. ஒரு கதவுக்கு 23. உயரம் 34.

நான் எழுதிக் கொடுத்தது 24. 35.

ஐயோ. பனியன் இரண்டு தண்ணீர் கண்டால் சுருங்கும் என்று எப்போதும் அகலத்தில் ஒரு இஞ்சு, நீளத்தில் ஒரு இஞ்சு விடுவேன். யோசித்து விடுவதில்லை, கை தானாக விடும். கதவுக்கும் விட்டுட்டேனே! தகரம் சுருங்குமாடி மருதம்மா? சுருங்குமா?

20-10-1966

சொல்லவில்லை.

பேத்தி அமராவதி எட்டாவது படிக்கிறாள். இரும்பு சுருங்குமா என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "வெயில்ல விரியும் அப்பாயி. ஏன் கேக்கறீங்க?" என்றாள். ஏன் கேட்டேன்!

22-10-1966

சுப்பண்ணன் ஒரு சேதி சொன்னான். பஸ் கம்பெனி ஆபீசில் சென்னிமலை கதவு விசயத்தைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். ராசப்பனுக்கு வர இருந்த இரண்டு பஸ்ஸையும் அவர்கள் வேறு பட்டறைக்கு விட்டுவிட்டார்களாம். "பாவமுங்க, பட்டறையில ஈ ஓட்டறான்."

அந்தச் சீட்டு அவனிடம்தானே இருக்கிறது? அன்றைக்கே எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது. ஏன் நீட்டவில்லை? சாப்பிடும்போதும் இதே யோசனை. சொன்னால் டேப்பு போகும். சொல்லாவிட்டால் அவன் பட்டறை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் யோசித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

23-10-1966

பட்டறைக்குப் போனேன். "சீட்டை ஏன் காட்டல?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"காட்டத்தான் கையை வெச்சனுங்க. நீங்க என்னை முறைச்சீங்க. அந்த முறைப்புலயே உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தெரிஞ்சு போச்சு. தெரியாதவங்களைப் போயி நாலு பேரு முன்னாடி எப்படிங்க? அது போக, நானும் ஒருக்கா வந்து அளந்திருக்கோணும்."

அந்த ஒரு இஞ்சு எப்படி வந்தது என்று சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "தகரத்தைத் துவைச்சாச் சுருங்காதுங்கம்மா, துருத்தான் புடிக்கும்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்.

கதவு இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. கூடுதலை வெட்டி எறியத்தான் வேண்டும் என்றான். வெட்டுவானேன்? பனியனுக்கு அடி மடிக்கிறோமே, சட்டைக்கு ஒரு பட்டி மேல் இன்னொரு பட்டி படிகிறதே, அந்த மாதிரி தகரத்தை மடிக்க முடியாதா என்று கேட்டேன். கதவைத் திருப்பிப் போட்டு ஓரத்தை விரலால் தடவினான். பிறகு சுண்ணாம்புக் கட்டியைத் தேடினான்.

24-10-1966

கட்டிங் டேபிள் முன்னால், எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். "கதவு தப்பு என்னுது. ராசப்பன் நான் எழுதினபடிதான் வெட்டியிருக்கான்."

"மெல்லப் பேசுங்கம்மா, ஆளுக இருக்காங்க" என்றான் சென்னிமலை.

"நீ பஸ் கம்பெனியில மெல்லவா பேசினே? எழுந்து போ சாமி. அங்க சிரிச்ச சத்தத்துலயே இதையும் சொல்லிட்டு வா."

போனான். என் மகன், போவான் என்று தெரியும். கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றிக் குமாரவேல் கையில் கொடுத்தேன். அவன் வாங்க மாட்டேன் என்று பின்னால் நகர்ந்தான். பிடித்துத் திணித்தேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

கழுத்து என்னமோ மாதிரி இருக்கிறது.

29-10-1966

கதவு மாட்டியாகிவிட்டது. இடது கதவின் ஓரத்தை உள்வாக்காக மடித்திருக்கிறான். வலது கதவு அதன் மேல் ஒரு இஞ்சு படிகிறது. அடியில் ஒரு இஞ்சு தொங்கி வாசற்படியை மூடுகிறது. தண்ணீர் ஓட்டையும் பெரிதாகவே வைத்திருக்கிறான். பத்துத் தடவை திறந்து சாத்தினேன். ஒரு பஸ் அவனுக்குத் திரும்ப வந்திருக்கிறது. இன்னொன்று வரவில்லை. அது என் கணக்கு.

4-11-1966

சரக்கோடு நானும் தாராபுரம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவிநாசிபாளையம் வரைக்கும் புழுதி, முன்னால் போன லாரி தெரியவில்லை. குண்டடத்தில் பிடித்தது மழை. "இன்னைக்குத் தெரிஞ்சு போகுமுங்க உங்க இஞ்சு" என்றான் சுப்பண்ணன். கடை வாசலில் நானே இறங்கிப் போய்த் திறந்தேன். சந்துக்கு நேராக இருந்த மூட்டையைப் பிரித்து, நாலு மடிப்பும் தள்ளிப் பார்த்தேன்.

வெள்ளை.

5-11-1966

குமாரவேல் புது அட்டை வெட்ட உட்கார்ந்தான். டேப்பை விரித்தான், சுருட்டினான், மறுபடி விரித்தான். கடைசியில் எழுந்து வந்து கேட்டான். "அம்மா, நீளத்துக்கு எவ்வளவு விடறதுங்க?"

"ஒரு இஞ்சு" என்றேன்.

அவன் டேபிளுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கூப்பிட்டுச் சொன்னேன். "துணிக்கு மட்டும்."