தாடிக்கு விசா

இதனால் நாகல் நகர்வாசிகள் அனைவருக்கும் அறிவிப்பது: இன்று காலை என் மோவாயில் பதினோரு முடிகள் முளைத்திருப்பது உறுதிசெய்யப்பட்டது. அத்தா தன் சவர சோப்பை நீட்டினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் மீதுதான் ஆத்திரம் வந்தது, மாமா. திட்டினால் திரும்பத் திட்ட நீங்கள் இல்லை என்பதில் இன்னும் ஆத்திரம்.

அன்றும் இதே வாசனை. சரக்குக் கப்பலில் சமையல்காரரான நீங்கள், அடுத்த பயணத்துக்கு விசா வாங்க மறுநாள் மெட்ராஸ் போவதாக இருந்தது. சலூன் நாற்காலியில் சாய்ந்ததுமே குறட்டை. "தாடிய ஒதுக்கவா தம்பி?" என்று சலூன்காரர் என்னைக் கேட்டார்.

"முழுசா எடுக்கச் சொன்னாருண்ணே."

விழித்துக் கண்ணாடியைப் பார்த்தீர்கள். தாடி போனதில் நாடியே விழுந்துவிட்டது. "ஏலே, கப்பல் புத்தகத்துல தாடியோட படம் இருக்கு. இந்த மொகரைக்கு எவன்லே விசா குடுப்பான்?" என்று செருப்பைத் தேடினீர்கள். நான் அதற்குள் தெருமுனையில்.

தூதரகத்தில் விசா கேட்டவரை விசாரித்தே அனுப்பிவிட்டார்கள். "தாடி வளர்ந்தபின் வா" என்றானாம் ஒரு மூக்குக் கண்ணாடிக்காரன். ஒரே சவரத்தில் கப்பல் பயணத்தையே நிறுத்தியவன் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

நீங்கள் சும்மா இருந்தீர்களா? விசா இல்லாதவரையும் ஏற்றிக்கொண்ட வேறொரு கப்பலில் ஏறினீர்கள். "கரையில எறங்க விடமாட்டான், அம்புட்டுத்தானே? அடுப்பு கப்பல்லதானலே இருக்கு?"

பிறகு நடந்ததை உங்களோடு வேலை பார்த்தவர் கடிதத்தில் எழுதினார். துறைமுகத்தில் உங்களுக்குக் கடுங்காய்ச்சல். விசா இருந்தவர்கள் ஊர் பார்க்க இறங்கினார்கள். உங்களை ஆஸ்பத்திரிக்கு இறக்க, அதிகாரிகள் இரண்டு நாள் காகிதம் கேட்டார்கள். மூன்றாம் நாள் உங்களுக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை.

அவர்கள் நாசமாய்ப் போகட்டும். அந்த மூக்குக் கண்ணாடிக்காரனும் போகட்டும். ஒரு தாடி வளரும்வரை வீட்டில் இருக்க முடியாத உங்களை என்ன சொல்ல?

ஆனால் மாமா, ஒன்று. சலூனில் நான் செய்தது குறும்பு இல்லை. படமும் முகமும் ஒத்திருக்க வேண்டும் என்று அதற்கு முந்தின நாள் நீங்கள் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டிருந்தேன். தெரிந்துதான் சொன்னேன். நீங்கள் போகக்கூடாது, அவ்வளவுதான். அதை உங்களிடமே சொல்ல வெட்கமாக இருந்தது. குறும்பு என்றால் உதையோடு போய்விடும் என்று நினைத்தேன்.

சோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"ஏன்டா?" என்றார் அத்தா.

"வளரட்டும்த்தா."