வரவேற்பு மேசையில் உங்கள் போன்

ராத்தா,

இன்று காலையும் உங்கள் போன் வரவேற்பு மேசையில் கிடந்து அதிர்ந்தது. திரையில் உங்கள் மகள் முன்பல் இல்லாமல் சிரிக்கும் படம். அதன் மேல் ஓர் ஓடிபி இலக்கம். வீட்டிலிருந்து வேலை செய்யும் யாரோ உங்கள் பெயரில் கம்பனி வலையமைப்புக்குள் நுழைகிறார். நீங்கள் மவுத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடம் ஆகிறது. இவர்கள் இன்னும் உங்களை வேலையிலிருந்து விடவில்லை.

சீகிரியா ஹோட்டல்களுக்கு அறை பதிவு செய்து கொடுக்கும் நம் மாத்தளை அலுவலகத்தில், பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது வலையமைப்புப் பாதுகாப்பு, எல்லோருக்கும் அக்காவான உங்கள் தலையில் விழுந்தது. ஆளுக்கொரு கணக்கு, அவரவர் போனுக்கே ஓடிபி என்று ஒழுங்கு செய்தீர்கள். என் லெப்டொப்பைப் பார்க்க இரத்தோட்டையில் என் வீட்டுக்கே பஸ் ஏறி வந்தீர்கள். தம்பி அதில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொடுத்த தேத்தண்ணியைக்கூட நீங்கள் தொடவில்லை.

"தங்கச்சி, எங்கெங்கேயோ இருந்து வார மனிசர்ட பாஸ்போர்ட்டெல்லாம் இதுக்குள்ளதான் ஈக்குது" என்றீர்கள். தம்பி அதற்குப் பிறகு அதைத் தொட்டதில்லை.

யாராவது போனில் உதவி கேட்டால், "வைங்க, நான் திருப்பி எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டு, உங்களிடம் பதிந்திருக்கும் அவர் நம்பருக்கே போன் எடுப்பீர்கள். மேனேஜருக்கும் அதே கதைதான்.

"என் கொரல் தெரியாதா ஒங்களுக்கு?" என்று ஒருமுறை அவர் சீறினார்.

"கொரல் தெரியும் சேர். நம்பர்தான் தெரியல்ல."

அலுவலகமே சிரித்தது. அவர் அதை மறக்கவில்லை.

உங்கள் ஜனாஸாவை அடக்கிய மறுநாள் நானும் அவரோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். துக்கம் கேட்டு முடிவதற்குள் உங்கள் கணவரிடம் அவர் கேட்டது என்ன தெரியுமா? "அவங்க போனக் கொஞ்சம் தாங்க. அதுக்குத்தான் ஓடிபி வருது." அழுது வீங்கிய முகத்தோடு அந்த மனிதர் எழுந்து போய் எடுத்துவந்தார்.

பிறகு மேனேஜர், ஆளுக்கொரு கணக்கு பெரிய கரைச்சல் என்று எல்லாவற்றையும் நீக்கினார். உங்கள் கணக்கு எல்லாக் கதவையும் திறக்குமாம். ஆகவே எல்லோருக்கும் அதுவே போதுமாம். கடவுச்சொல் வாட்ஸ்அப் குழுவில். ஓடிபி வேண்டியவர் வரவேற்புக்கு எடுத்தால், அங்கிருக்கும் பிள்ளை உங்கள் போனைப் பார்த்து வாசித்துச் சொல்வாள்.

போன வாரம் ஒரு குரல், "வீட்டுல இருந்து வேல செய்றேன், ஓடிபி சொல்லுங்க" என்றது. வழக்கம்போல அவள் சொன்னாள். அது நம் ஆள் இல்லை. விருந்தினர்களின் பாஸ்போர்ட் பிரதிகள் அத்தனையும் களவு போய்விட்டன.

நேற்று ஹோட்டல்காரர்களோடு இணையவழிக் கூட்டம். "எறந்து போனவங்க செஞ்சு வச்ச ஏற்பாடு. அவங்க கணக்குலதான் ஓட்ட" என்றார் மேனேஜர், கூசாமல். பதில் சொல்ல நீங்கள் வரமாட்டீர்கள் என்ற தைரியம்.

நான் மைக்கைத் திறந்தேன். "இல்லங்க சேர். ராத்தா ஆளுக்கொரு கணக்கு வச்சிருந்தாங்க. அத நீக்கினது நீங்க. மையத்து வீட்டுலயே அவங்க போனக் கேட்டு வாங்கினதும் நீங்கதான்."

உடனே அவர், அப்புறம் பேசிக்கொள்வோம் என்று கூட்டத்தை முடித்தார். அதற்குப் பிறகும் இன்று காலை உங்கள் போன் அதிர்ந்தது என்றால், இவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறதா?

உங்கள் வேலை இப்போது என்னுடையது. யாரிடமும் கேட்காமல் உங்கள் கணக்கை மூடிவிட்டேன். போன் என் பையில் இருக்கிறது; மாலையில் உங்கள் மகளிடம் கொடுப்பேன்.

சற்று முன் மேனேஜர் ஏதோ புது நம்பரிலிருந்து எடுத்தார். உள்ளே போக முடியவில்லையாம், உடனே திறக்க வேண்டுமாம். வேலை போய்விடுமோ என்று எனக்குப் பயம்தான். ஆனால் குரல் நடுங்கவில்லை.

"வைங்க சேர். நான் திருப்பி எடுக்கிறேன்."