அப்பா வாகனத்தை விட்டு இறங்கிய காரணம்

நோர்பரி, இலண்டன்
16.10.1994

அன்புள்ள மகன் குருமூர்த்திக்கு,

நீ போட்ஸ்வானாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க லூயிஷாம் கோயில் சிவனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நானும் அப்பாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தேன், அப்பா கோயிலுக்கு வரவில்லை. ஓகஸ்டில் உன்னிடமிருந்து திரும்பிய நாள் தொட்டு அவர் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, தெருவில் யாராவது பெரிய நாயைக் கூட்டி வந்தாலும் மதிலோடு ஒதுங்கி நின்றுவிடுகிறார், டொக்டர் பிரஷர் என்று குளிசை கொடுத்திருக்கிறார். போன ஞாயிறு நீ ரெலிபோனில், நத்தார் விடுமுறைக்கு நமீபியாப் பக்கம் தனியாகக் கூடாரத்தோடு போகிறேன், "அப்பாவை இனி ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகேலாது, சொல்வழி கேக்கமாட்டார்" என்றாய். அவர் என் பக்கத்தில்தான் நின்றார் தம்பி, நீ சொன்னது அவருக்கும் கேட்டது. தோட்டத்துக்குப் போய் மழையில் நின்றார். அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதுவதென்று அப்போதுதான் முடிவெடுத்தேன்.

கலகாரிப் பாலைவனத்தில் வாகனம் மணலில் புதைந்து, ரயரில் காற்றை இறக்கியும் அசையாமல், நாங்கள் முதல் தங்கியிருந்த முகாமுக்கு நீ ஆள் கூட்டிவர நடந்து போனாயே, நான் போகாதே என்று அழுதும் கேட்கவில்லை. "கதவைத் திறக்காதேங்கோ, என்ன நடந்தாலும் இறங்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ போய் வெகுநேரத்துக்குப் பிறகு புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் வந்து, என் பக்கக் கதவோடு ஒட்டி நிழலில் படுத்துக்கொண்டது. அது மூச்சு விடும்போது வயிறு ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். கத்தப்போன என் வாயை அப்பா பொத்தினார். கொஞ்ச நேரத்தில் தூரத்து வளைவில் நீ தனியாக வருவது தெரிந்தது, தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, களைத்துப்போய், நிலத்தைப் பார்த்தபடி. முகாமில் ஒருவரும் இல்லையென்று உன் நடையிலேயே விளங்கியது. புல் அவ்வளவு உயரம், அது படுத்திருப்பது உனக்குத் தெரிய வழியே இல்லை. ஹோர்னை அடியுங்கோ என்றேன். "வேண்டாம், கூப்பிடுறமெண்டு நினைச்சு ஓடி வருவான்" என்றார். கண்ணாடியில் தட்டினோம், அது தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்பா பின் சீற்றில் கிடந்த பானை மூடியையும் கரண்டியையும் எடுத்தார். நான் சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன், பொத்தான் அறுந்து என் கையோடு வந்தது. மற்றப் பக்கத்தால் இறங்கி முன்னுக்குப் போய் மூடியில் அடித்துக்கொண்டு, "போ அங்காலை, என்ரை பிள்ளை வாறான், போ" என்று கத்தினார். அது எழும்பி நின்று அவரையே பார்த்தது. அவர் பின்வாங்கவில்லை. பிறகு அது திரும்பிப் புல்லுக்குள் போய்விட்டது.

அது மறைந்த பிறகுதான் நீ சத்தம் கேட்டு ஓடி வந்து சேர்ந்தாய். "குரங்கு வந்தது, கலைச்சனான்" என்றார். "குரங்குக்கே இறங்கினியள்? அம்மாவையும் சாக்காட்டப் போறியளோ?" என்று நீ கத்தியபோது, உன்னை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தும் வரைக்கும் அவர் வெளியிலேதான் நின்றார், முதுகைப் புல்லுக்குக் காட்டாமல். பின்னேரம் அந்த வழியால் வந்த ஜேர்மன் பிள்ளைகள் எங்கள் வாகனத்தை இழுத்து எடுத்தபோது என்னிடம் மெல்ல, "அவனுக்குச் சொல்லாதை கௌரி. எங்களை அங்கை விட்டிட்டுப் போனதை நினைச்சுத் தன்னையே தின்னுவான்" என்றார். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை ராசா. நீயும் எங்களுக்காகத்தான் அந்த வெயிலில் நடந்தாய். ஆனால் அப்பாவைச் சொல்வழி கேளாதவர் என்று நீ நினைத்துக்கொண்டிருக்க என்னால் பொறுக்க ஏலவில்லை.

தனியாகப் போகாதே. போய்த்தான் தீருவாய் என்றால் இரண்டு வாகனமாகப் போங்கள், தண்ணீர் கூடுதலாகக் கொண்டுபோ, புதைந்தால் வாகனத்தை விட்டு நடக்காதே. உன்னோடு படித்த பெனடிக்ற் வருகிற மாதம் உன் பக்கம் வேலைக்கு வருகிறானாம். நேற்று அப்பா அந்த உடம்போடு குரோய்டனுக்குப் போய் வாகனம் இழுக்கிற தடித்த கயிறு ஒன்று வாங்கி வந்து, பெனடிக்ற்றிடம் கொடுத்துவிடச் சொன்னார். "நீ வாங்கினதெண்டு எழுது" என்றார். நான் அப்படி எழுதமாட்டேன். கயிறு கிடைத்ததும் பதில் போடு, எனக்கில்லை, அவருக்கு.

சிவன் உன்னை எந்த வழியிலும் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சிவகௌரி பத்மநாதன்