வெண்கலம் பேசிய இரண்டு நாள்

அன்புள்ள குருவிக்கு,

நீயும் உன் மகனும் மருமகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். என் போனையும் நீ எடுப்பதில்லை. அதனால் பேனாவை எடுத்தேன். விலாசம் உன் மகளிடம் வாங்கியது. அதற்காக அவள் மேல் கோபப்படாதே.

இங்கே நான் பழையபடிதான். மருந்துக்கடையில் இன்னும் நின்றுகொண்டேதான் வேலை. முழங்கால் வர வர சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. நம் தையல்காரி கடையைப் பெரிதாக்கிவிட்டாள். உன் ஜாக்கெட் அளவு இன்னும் அவள் நோட்டில் இருக்கிறதாம். இளைத்திருந்தால் எழுதச் சொன்னாள், பெருத்திருந்தால் எழுத வேண்டாமாம்.

சொல்ல வந்தது, ஹாஸ்டலில் அந்தக் கணீர்க் குரலுக்காக நாம் பெயர் வைத்த நம் வெண்கலத்தைப் பற்றி. படிப்பதை இங்கேயே நிறுத்திவிடாதே.

உன் மகள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, உனக்குத் தெரியாமல் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் அவள். நாலு வருடமாக நீ அவளோடு பேசவில்லை. உன் இடத்தில் நான் இருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். அவளுக்காக வாதாட இதை எழுதவில்லை.

போன மாதம் அவளுக்கு ஐம்பத்திரண்டு முடிந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் நகரத்தில் தங்கலாம், வீட்டுக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று அவளே என்னையும் தையல்காரியையும் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் விடுப்புப் போடவே ஆயிரம் யோசிப்பவள், திங்கள்கிழமைக்கும் சேர்த்து விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்கு எதிரே மூன்றாவது மாடியில் அறை. மூன்று பேருக்கு இரண்டு கட்டில். சேர்த்துப் போட்டுவிட்டு, நடு இடுக்கில் யார் படுப்பது என்று சீட்டுக் குலுக்கினோம். நான்தான் மாட்டினேன்.

சனிக்கிழமை முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினோம். தையல்காரி எந்தத் துணியையும் வாங்க விடவில்லை. எல்லாவற்றையும் உள்பக்கம் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். மத்தியானம் ஒரு படம். சிரிக்க ஒன்றுமில்லாத படம். அதற்கே வெண்கலம் சிரித்த சிரிப்பில் முன் வரிசையில் இருந்தவர் எழுந்து இடம் மாறிப் போனார். அவள் குரல் ரொம்பக் கரகரத்துப் போயிருந்தது. பேசாம கொஞ்சம் வாய மூடிட்டு இரேன், தொண்ட ஆறட்டும் என்றேன். "இனிமே சேத்து வெச்சு என்ன பண்ணப் போறேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அறையில் கேக் வெட்டினோம். கடைப் பெண் ஐந்தையும் இரண்டையும் மாற்றிச் செருகியதில், மெழுகுவர்த்தி இருபத்தைந்து என்று காட்டியது. நான் பிடுங்கிச் சரி செய்யப் போனேன். வெண்கலம் என் கையைத் தட்டிவிட்டாள். "இருக்கட்டும்டி, நாம வேலைக்குப் போயிட்டு ஹாஸ்டல்ல இருந்த வயசு" என்றாள்.

கேக்கைத் தின்று, விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்துக்கொண்டே, நாளை மழை வரும் என்பதைப் போலச் சொன்னாள்: "புதன்கிழமை ஆபரேஷன். குரல்வளைய எடுக்கறாங்க. அதுக்கப்பறம் பேச முடியாது. இனிமேலாவது நீங்க ரெண்டு பேரும் நடுவுல யாரும் புகுந்து பேசாம நிம்மதியாப் பேசலாம்."

தையல்காரி எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

குருவி, இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஆறு மாதமாகத் தொண்டை சரியில்லை என்று அவள் என் கடைக்கு வந்து போனாள். ஒவ்வொரு தடவையும் சப்புகிற மாத்திரை கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகளிடம் கத்துவதை நிறுத்து என்று கேலி செய்தேன். டாக்டரிடம் போ என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். இருபத்தாறு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். அவளிடமும் சொல்லி அழுதேன். "நீ குடுத்தது நல்லா இனிப்பா இருந்துச்சுடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை குளித்து, புடவை கட்டிக்கொண்டு, நீ எதிரே உட்கார்ந்திருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து உனக்குப் போன் செய்தாள். முதல் தடவை மணி அடித்து நின்றுபோனது. இரண்டாவது தடவை நீ துண்டித்தாய். மூன்றாவது தடவை அணைத்து வைத்திருப்பதாக வந்தது. குரலைப் பதிவு செய்து அனுப்பிவிடலாம் என்று தையல்காரி சொன்னாள். வெண்கலம் கேட்கவில்லை. "அவ பதிலுக்குத் திட்டணும். நான் கேக்கணும். நான் பாட்டுக்குப் பேசிட்டுப் போறதுக்கு அது என்ன வகுப்பா?" என்றாள்.

உன்னிடம் என்ன சொல்ல நினைத்தாள் என்று கேட்டேன். அந்தப் பெண்ணுக்குத் துணையாக நின்றதைத் தப்பு என்று அவள் இன்னும் நினைக்கவில்லை. "ஆனா அதுக்கு முந்தின ராத்திரி அவ வீட்லதான் சாப்பிட்டேன். காலைல கையெழுத்துன்னு தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஊருக்கெல்லாம் கேக்கற தொண்ட, அவகிட்ட மட்டும் பேசல. அதத்தான் சொல்லணும்" என்றாள்.

உன் மகளை ஒரு மணி நேரமாவது வந்து போகச் சொல்லலாமே என்றோம். வேண்டாம் என்றுவிட்டாள். அம்மா வராத இடத்துக்கு மகளை அழைத்தால் உன்னை இரண்டாம் முறை ஏமாற்றியதாகும் என்றாள்.

ஆபரேஷன் விஷயத்தை உனக்குச் செய்தியாக அனுப்ப நான் போனை எடுத்தேன். அவள் பிடுங்கிக்கொண்டாள். நோயைக் காட்டி மன்னிப்பு வாங்க மாட்டேன் என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் காப்பாற்றினேன். காப்பாற்றியிருக்கக் கூடாது. அந்த மூன்று நாளில் உன் காதில் ஒரு வார்த்தை போட்டிருந்தால் நீ எடுத்திருப்பாய். எனக்குத் தெரியும். இதில் உன் பிழை எதுவுமில்லை, பிழை என்னுடையது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. பிறகு பயிற்சி எடுத்தால் ஏதோ ஒரு விதமாகப் பேச வரலாம், ஆனால் அந்தக் குரல் வராது என்று டாக்டர் சொன்னார். முதலில் அவள் சீட்டில் எழுதிக் காட்டியது என்ன தெரியுமா? பக்கத்துக் கட்டில் அம்மா தொணதொணவென்று பேசுகிறாள், இடம் மாற்றச் சொல். போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். தையல்காரி ஏதோ வேடிக்கையாகச் சொல்லப் போய் வெண்கலம் சிரித்தாள். தோள் குலுங்குகிறது, வாய் திறந்திருக்கிறது, கண்ணில் தண்ணீர். சத்தமே இல்லை. அவளும் அன்றுதான் அதைக் கவனித்தாள் போல. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்று சத்தியத்தை மீறி எழுதுகிறேன். நீ மன்னிக்க வேண்டாம். அதை உன்னிடம் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரே ஒரு தடவை அவளுக்குப் போன் செய். நாலு மணிக்கு மேல் வீட்டில் தனியாக இருப்பாள். எடுப்பாள். எடுத்ததும் ஒரு சத்தமும் வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே. உனக்குத் திட்ட வேண்டும் என்றிருந்தால் திட்டு. அழ வேண்டும் என்றிருந்தால் அழு. நாலு வருடத்துக் கோபத்தையும் கொட்டு. நீ வைக்கிற வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள்.

உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்கட்டும். உனக்குச் சின்னதாக ஒரு இருமல் வந்தாலும் டாக்டரிடம் போ. என்னிடம் கேட்காதே.

என்றும் உன்,
மருந்துக்கடைக்காரி