மீட்டர் முள் எங்கே நிற்கிறது?

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நான் ராஜா மாதிரி இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் நலமா?

போன வாரம் பட்டறையில் ஒரு காரில் பெட்ரோல் அழுத்தம் பார்க்கும்போது, அழுத்தத்தை இறக்காமலே குழாயைக் கழற்றிவிட்டேன். பெட்ரோல் பீய்ச்சி இரண்டு கண்ணிலும் அடித்தது. வேறு எவனாயிருந்தாலும் ஊரைக் கூட்டியிருப்பான். ஃபோர்மேன் ஓடிவந்து, "முதல்ல காரைத் துடைடா, பெயிண்ட் போயிடும்" என்றார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை!

இன்று அவர் அழுத்தம் பார்க்கும் மீட்டரை என் முகத்துக்கு நேரே பிடித்து, "மேஸ்திரி, முள் எங்க நிக்குது? சரியா சொன்னா வேலை உண்டு" என்றார். பம்பு இரைச்சலை வைத்தே "நாப்பது" என்று கணீரென்று சொன்னேன். மீட்டரைக் குழாயில் இன்னும் மாட்டவே இல்லையாம், முள் பூஜ்யத்தில்தான் நின்றதாம். பட்டறையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

நாளை முதல் பட்டறை முழுவதும் என் பொறுப்பு. விளக்குமாறு கொடுத்துவிட்டார்கள். மருமகனிடம் மாமா மெக்கானிக் என்றே சொல். கூப்பிடுகிறார்கள், அவசரம். பதிலை மட்டும் பெரிய பெரிய எழுத்தாக எழுது, அக்கா.

உன் தம்பி