ஓட்டைக்குள்ளால் தெரிந்த கடல்

அக்கா,

இரவு பெய்த மழை விடியும்போது ஓய்ந்திருந்தது. முற்றம் கூட்டப் போன நான் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டேன். நம்முடைய ஜீப் நின்ற இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, தேயிலைச் சாயம்போலச் சிவந்து கிடந்தது. குனிந்து கையால் அளைந்தேன். கறள் மணம். இரும்பைக் கடித்ததுபோல நாக்கடியில் ஏறும் அந்த மணம். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போனேன். பிறகு வெளியே வந்தேன், கிணற்றடிக்குப் போனேன், படலையடிக்குப் போனேன். எதற்கென்று தெரியவில்லை. அடுப்பில் வைத்த தேத்தண்ணி வற்றிப்போனது. ஓரிடத்தில் இருந்தாக வேண்டும் என்றுதான் இதை எழுதத் தொடங்குகிறேன்.

ஜீப் இப்போது இங்கே இல்லை. அதை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நீங்கள் மண்டைதீவிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடும் மீன்கூடையோடும் நாரந்தனைக்கு வந்து, பக்கத்து வீட்டை வாடகைக்கு எடுத்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புருசனைக் கடல் கொண்டுபோய்விட்டது, மாமியார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று ஊரில் கதைத்தார்கள். "அண்டைக்கு அவனைக் கடலுக்குப் போகச் சொன்னவள் இவள்தான்" என்று மாமி செத்தவீட்டில் வைத்தே சொன்னதாகவும் கதைத்தார்கள். நீங்களோ வந்த மறுநாளே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தங்கச்சி, இந்த ஊரில பஸ் எத்தினை மணிக்கு வராமல் விடும்?" என்று கேட்டீர்கள். சிரிப்பு வந்தது. நான் அப்போது வெங்காயமும் பூசணியும் வைத்து, விளைந்ததைத் தெருவோரம் அடுக்கிவிட்டு யாராவது ஏற்றுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். உங்கள் மீன் பஸ் தரிப்பிடத்தில் பழுதாகும், என் வெங்காயம் மழையில் நனையும்.

ஜீப் வாங்குவோம் என்றது நீங்கள். எனக்குச் சைக்கிள்கூட ஒழுங்காக ஓடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பழைய வண்டிகள் பிரிக்கிற ஒரு முற்றத்தில் அது நின்றது. என் வயதை விட மூத்த வண்டி. "நாலு சில்லும் இழுக்கும். சேத்துக்குள்ள விட்டாலும் ஏறி வரும்" என்றார் விற்றவர். பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அடுத்த தெருவிலிருந்து வந்த என் அத்தான் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ரெண்டு பொம்பிளையள், ஒரு கறள் பெட்டி" என்றார். "பெட்டி இல்லை, இது ஓடும். உங்களை ஏத்தமாட்டம்" என்றீர்கள். தரவையில் மாடுகளைக் கலைத்துக் கலைத்து ஓடப் பழகினோம். நீங்கள் முதல்நாளே மூன்றாம் கியரில் போனீர்கள். எனக்குக் கிளச்சை விடவே ஒரு மாதம் பிடித்தது.

அந்த வண்டியைப் பற்றி நமக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. அதன் மேல்தகடு அலுமினியம். என்ன செய்தாலும் கறள் ஏறாது. அதைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் புதுவண்டி போலிருக்கும். எல்லாவற்றையும் தாங்குகிற அடிச்சட்டம் இரும்பு. அதற்குள்ளே சேறும் உப்பும் புகுந்து, வெளியே தெரியாமல் உள்ளிருந்து தின்னும். ஒரு சின்னச் சுத்தியலோடு வண்டிக்குக் கீழே படுத்துத் தட்டிப்பார்ப்பேன். 'டிங்' என்றால் இரும்பு இருக்கிறது. 'பொத்' என்றால் அங்கே பெயின்ற் மட்டும்தான் மிச்சம். பழைய ஒயிலைத் துணியில் நனைத்துப் பூசுவேன். கடற்கரைக்குப் போய்வந்த ஒவ்வொருமுறையும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்பேன். நம்முடைய கிணறு உவர். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரவேண்டும்.

"குடிக்கிற தண்ணியை ஆராவது இரும்புக்கு ஊத்துவினமோ? உனக்கு விசர்" என்பீர்கள்.

"கழுவாட்டி உதிர்ந்துபோம் அக்கா."

"உதிரட்டும். ஓடி உதிரட்டும். வச்சுப் பார்க்கவோ வாங்கினது?"

சொல்லிவிட்டு வற்றுக்கடலுக்குள் வள்ளம் வரைக்கும் வண்டியை இறக்குவீர்கள், மீன்பெட்டியைத் தோளில் தூக்கக்கூடாதென்று. நான் கரையில் நின்று கத்துவேன். இன்றைக்கும் சொல்கிறேன், அது பிழை. உப்புத்தண்ணீருக்குள் வண்டியை இறக்குவது பிழைதான்.

அந்தக் கார்த்திகைப் புயல் நேரம் அடிச்சட்டம் நடுவில் மெலிந்துபோயிருந்தது. வேலணையில் இரும்பு ஒட்டித் தருகிறவர் தட்டிப்பார்த்துவிட்டு, "நான் ஒட்டித் தாறவரைக்கும் தெருவில இறக்காதேங்கோ. நடுவால முறியும்" என்று சொல்லியிருந்தார். மறுநாள் மத்தியானம் உங்களுக்குப் போன் வந்தது. மண்டைதீவில் கரைவீடுகளுக்குள் கடல் ஏறிவிட்டது, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், மாமி மட்டும் வரமாட்டேன் என்று கட்டிலில் இருக்கிறா. நீங்கள் வண்டித் திறப்பை எடுத்தீர்கள்.

"அக்கா, முறியும் எண்டு சொன்னவரல்லோ."

"முறியிறதுக்கு முந்திப் போயிடலாம்."

"அவ உங்களோட கதைக்கவே மாட்டா. வண்டியில ஏறுவாவோ?"

"ஏறாட்டித் தூக்கிப் போடுவன். நீ வராட்டி நில்லு."

வராமல் எப்படி நிற்பது? கடலூடே போகும் தெருவில் இரண்டு பக்கத் தண்ணீரும் ஒன்றாகியிருந்தது. தெரு எங்கே, கடல் எங்கே என்பதை மின்கம்பங்களை வைத்துத்தான் பார்த்தோம். காற்று கன்வஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கு வாயில் ஒரு தேவாரமும் வரவில்லை. நீங்கள் என்னவோ மாதாவோடு சண்டை பிடித்துக்கொண்டே ஓடினீர்கள்.

மாமி கட்டிலில் சப்பணமிட்டு இருந்தா. கட்டில் காலில் பாதிக்குத் தண்ணீர். மடியில் ஒரு துணிமூட்டை, காலில் ஆறாத புண். உங்களைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா.

"உன்ர வண்டியில ஏறிறதிலும் பார்க்க என்னைக் கடல் கொண்டுபோகட்டும்."

"கடல் ஒருக்காக் கொண்டுபோனது காணும், மாமி" என்றீர்கள். மீன்கூடையைத் தூக்குவதுபோலத் தூக்கி, எனக்கும் உங்களுக்கும் நடுவில் இருத்தினீர்கள்.

திரும்பி வரும்போதுதான் அது முறிந்தது. தெரு நடுவில், 'படார்' என்று ஒரு சத்தம். இருக்கைக்குப் பின்னால் வண்டி தொய்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. கதவு இறுகிவிட்டது. "நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். "நிப்பாட்டினால் பிறகு ஓடாது" என்று நீங்கள் முதலாம் கியரிலேயே ஊர்ந்தீர்கள். கால்வைக்கும் தகட்டில் இருந்த ஓட்டைகளால் தண்ணீர் பீச்சியடித்தது. மாமி குனிந்து பார்த்தா.

"பிள்ளை, இந்த ஓட்டைக்குள்ளால கடல் தெரியுது."

பிறகு அவ, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, யாருக்கென்று இல்லாமல் சொன்னா:

"அவன் போன அண்டைக்கு நான்தான் சோறு கட்டிக் குடுத்தனான். காத்து மாறுது எண்டு எனக்குத் தெரிஞ்சது. வாய் திறக்காமல் கட்டிக் குடுத்தனான்."

நான் உங்களைப் பார்த்தேன். உங்கள் கண் தெருவை விட்டு நகரவில்லை. இரண்டு மூன்று கம்பங்கள் கடந்தபிறகு சொன்னீர்கள்:

"காலைத் தூக்கி வையுங்கோ மாமி. உப்புத்தண்ணி உங்கட புண்ணுக்குக் கூடாது."

அதற்குப் பிறகு மாமி மண்டைதீவுக்குத் திரும்பவில்லை. உங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டீர்கள். அந்தக் கதையை நீங்கள் இருவரும் மறுபடி எடுத்ததாக நான் அறியவில்லை. குசினிக்குள் உப்புக் கூடிப்போச்சு, புளி காணாது என்றுதான் சத்தம் கேட்கும்.

வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுப்போம் என்றேன். நீங்கள் கேட்கவில்லை. புது இரும்பு வைத்து ஒட்டி, மறுபடி ஓடவிட்டீர்கள். இன்னும் பல வருடம் ஓடியது. உங்கள் உடம்புதான் முதலில் நின்றது.

இடுப்பு நோ என்று தொடங்கியது. அது வெறும் இடுப்பு நோ இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கார் பிடிக்கிறேன் என்றேன். "எங்கட வண்டி என்ன செத்துப்போச்சோ?" என்று கேட்டீர்கள். அந்தத் தெருவில் அந்த வண்டியில் குலுங்கிப் போவது உங்களுக்கு எவ்வளவு நோவென்று எனக்குத் தெரியும். பள்ளத்தைக் கண்டு நான் மெல்லமாக்கினால் கோபம் வரும். "மாட்டுவண்டியோ இது? மிதி!" கடைசித்தரம் போனபோது கண்ணை மூடிப் படுத்திருந்த நீங்கள் திடீரென்று, "முன்பக்கம் என்னவோ ஆடுது" என்றீர்கள்.

"பேசாமல் படுங்கோ அக்கா. நாளைக்குக் காட்டுறன்."

"ஆடுறது ஆடட்டும். நீ ஓடு."

பங்குனியில் போய்விட்டீர்கள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த கையோடு மாமி தடியூன்றிக்கொண்டு என் முற்றத்துக்கு வந்தா. "என்ர பாதி எங்க நிக்குது?" என்று கேட்டா. உங்கள் பாதியை அவவுக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. கிழமைக்கு ஒருதரம் வந்து முன்னிருக்கையில் ஏறி இருந்து, இறங்கிப் போவா.

நான் அதை ஓடவில்லை. ஓட மனம் வரவில்லை. வேப்பமரத்தடியில் நிறுத்தி, தறப்பாளால் மூடி, தண்ணீர் வாங்கிக் கழுவி, ஒயில் பூசி, நான் எப்போதும் ஆசைப்பட்டபடி வைத்துப் பார்த்தேன். அப்போதுதான் கறள் ஓடித்திரிந்த காலத்தை விட வேகமாக ஏறியது. தறப்பாளுக்குள் ஈரம் நின்றது. பிறேக் இறுகியது. கதவைத் திறந்தால் பிடி கையோடு வந்தது. தட்டினால் எங்கும் 'பொத்'.

கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பழைய வண்டிகள் சேர்க்கிறவர். முழுதாகப் பிரித்துத் திருத்தி, குளிரூட்டிய மண்டபத்தில் வைப்பாராம். ஒரு பொட்டுக் கறள் இனி ஏறாதாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே கிழமை நெடுந்தீவிலிருந்தும் ஒருவர் வந்தார். அங்கே ஆட்களையும் மாட்டுத் தீவனத்தையும் ஏற்ற அவருக்கு ஒரு வண்டி வேண்டும். "ஓடுறவரைக்கும் ஓடுவன்" என்றார், அவ்வளவுதான்.

மாமி கேட்டா, "மண்டபத்தில அது என்ன செய்யும்?"

"நிக்கும் மாமி."

"நிக்கிறதுக்கோ அவள் வாங்கினவள்?"

"நாங்கள் ரெண்டுபேரும்தான் வாங்கினது!" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓம், ஆர் இல்லையெண்டது? உன்ர பாதியை மண்டபத்துக்கு அனுப்பு. என்ர பாதி நெடுந்தீவுக்குப் போகட்டும்."

இரண்டு நாள் அவவோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நெடுந்தீவுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் வேலணைக்காரரைக் கொண்டு இரும்பு வைத்து ஒட்டுவித்து, பிறேக்கும் போட்டு, குறிகாட்டுவான் துறைக்குத் தானே ஓடிக்கொண்டு போனார். பின்னால் பஸ்ஸில் நாங்கள். சாமான் ஏற்றுகிற பெரிய வள்ளத்தில் பலகை போட்டு ஏற்றினார்கள். மாமி கையசைத்தா. எனக்கு ஏலாமல் போய்விட்டது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நான் செய்தது சரியா, அக்கா? எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த மண்டபத்தில் அது பத்திரமாக இருந்திருக்கும். நெடுந்தீவிலோ தெருவே கல், நாலு பக்கமும் கடல். சிலநாள் உங்கள்மேல் கோபம் வருகிறது, சிலநாள் மாமிமேல். வெங்காயம் ஏற்ற ஒரு சின்ன லொறி வாங்கியிருக்கிறேன். புதுசு. அதற்குக் கீழே படுத்துத் தட்ட ஒன்றுமில்லை. நெடுந்தீவுக்காரருக்கு அடிக்கடி போன் எடுக்கிறேன். "கழுவினீங்களோ?" என்று கேட்டால், "ஓடுதக்கா" என்கிறார். கேட்டதற்கு அதுவா மறுமொழி?

நாளைக்குக் காலை வள்ளத்தில் போய் அதைப் பார்த்துவரப் போகிறேன். காற்று என்றால் காற்று, மழை என்றால் மழை. மாமியும் வாறாவாம், இன்றைக்கே சீலை மாற்றிவிட்டு இருக்கிறா.

நீங்கள் இந்த ஊருக்கு வரும்வரைக்கும், தெருவோரம் பூசணியை அடுக்கிவிட்டு யாராவது வருவார்கள் என்று நாள் முழுக்க இருக்கத் தெரிந்தவள் நான். இப்போது அது முடிவதில்லை. இந்த மடலை எழுதி முடிப்பதற்குள் எத்தனைதரம் எழும்பிவிட்டேன். நீங்கள் விட்டுப்போனதில் எனக்கென்று வந்து சேர்ந்தது இதுதான் போலிருக்கிறது. இதைத் திருப்பித் தர மனமில்லை.

இவ்வளவு நேரமும் இருந்ததில் கால் உளைகிறது அக்கா. எழும்புகிறேன்.